ஆலைச் சாம்பல் லோடு: செட்டிநாட்டுச் செவல் மண்ணுக்கு ஆகுமா?

கோடை உழவு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கத்து டீக்கடைகளில் எழும் கேள்வி இது: "ஆலைச் சாம்பல் சும்மாவே தர்றாங்களாம், லாரி வாடகை மட்டும் குடுத்தாப் போதுமாம். வயல்ல கொட்டலாமா?" ஒருவர், "நெல்லு சாயாம நிக்கும்ணே, தாராளமாக் கொட்டுங்க" என்பார். பக்கத்தில் இருப்பவர், "அது விஷம், மண்ணு செத்துப் போகும்" என்பார்.

இருவருமே பொய் சொல்லவில்லை. முதலாமவர் மனத்தில் இருப்பது ரைஸ் மில் உமிச் சாம்பல். இரண்டாமவர் நினைப்பது அனல் மின் நிலையத்துச் சாம்பலை. பெயர் ஒன்று, சரக்கு வேறு. லோடு இறக்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க, அது எந்த அடுப்பில் எது எரிந்த சாம்பல் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எரிந்த பின் மிஞ்சுவது எது

எதை எரித்தாலும் அதிலுள்ள கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) பெரும்பாலும் புகையோடு போய்விடும். மிஞ்சுவது தாதுப் பொருள்: சிலிக்கா (மணலில் இருக்கும் தாது), சுண்ணாம்புச் சத்து, சாம்பல் சத்து, கொஞ்சம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), இரும்பு, அலுமினியம், இவற்றோடு மிகச் சிறு அளவில் மற்ற உலோகங்கள். ஆகவே எந்தச் சாம்பலும் யூரியாவின் வேலையைச் செய்யாது. பொட்டாசியத்தை நாம் 'சாம்பல் சத்து' என்று அழைப்பதால் எல்லாச் சாம்பலிலும் அது நிறைய இருக்கும் என்று நினைக்கிறோம். விறகுச் சாம்பலுக்கு அது சரி. நிலக்கரிச் சாம்பலில் பயிருக்குக் கிடைக்கும் பொட்டாஷ் சொற்பம்.

இன்னொரு விஷயம் அடுப்பின் சூடு. ஒரே உமியை மிதமான சூட்டில் எரித்தால் ஒரு மாதிரியான சாம்பல், கடும் சூட்டில் எரித்தால் வேறு மாதிரி. இது ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

செவல் மண்ணுக்கு என்ன குறை

செட்டிநாட்டின் நிலம் பெரும்பாலும் செவலும் (செம்மண்) சரளையும். தோண்டினால் பல இடங்களில் செம்புராங்கல் தட்டும். இந்த மண்ணின் தொல்லைகள் மூன்று.

1. தண்ணீர் தங்காது. மேல்மண் மணற்பாங்கு. பத்து நாள் வெயில் அடித்தால் பயிர் சுருண்டுவிடும்.

2. மழை கழுவிக் கழுவிச் சுண்ணாம்புச் சத்து போன இடங்களில் மண் புளிப்பாக, அதாவது அமிலமாக, இருக்கும். இதை அளக்கும் எண் பி.எச். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போகக் காரம். 5.5-க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கத் தொடங்கும்.

3. செம்மண்ணின் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரத்தைப் போட்டும் பயிருக்குப் போய்ச் சேருவது குறைவு.

ஆனால் எல்லாச் செவலும் அமிலம் என்று முடிவு கட்ட வேண்டாம். பல ஆண்டுகளாகக் காரமான போர் தண்ணீர் பாய்ந்த வயலில் பி.எச். ஏற்கெனவே 8-ஐத் தாண்டியிருக்கலாம். அங்கே சாம்பல் போட்டால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காமல் போகும். கடலைச் செடியின் இளம் இலை வெளுத்துப் போவதை 'பூச்சி' என்று எண்ணி மருந்தடிப்பவர்கள் உண்டு. பல நேரம் அது இந்த இரும்புப் பற்றாக்குறைதான். பக்கத்து வயலுக்குப் பலன் கொடுத்த அதே லோடு நம் வயலைக் கெடுக்கலாம்.

எந்தச் சாம்பல், என்ன குணம்

1. உமிச் சாம்பல். புழுங்கல் அரிசி மில்களில் பாய்லரை ஓட்டுவது உமிதான், அதனால் இந்தப் பக்கம் எளிதில் கிடைப்பது இதுவே. கணக்கு சுலபமானது. நெல்லின் எடையில் சுமார் 20 சதவீதம் உமி. உமியின் எடையில் சுமார் 20 சதவீதம் சாம்பல். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. 1 டன் நெல்லுக்கு 200 கிலோ உமி, 40 கிலோ சாம்பல், ஏறத்தாழ 35 கிலோ சிலிக்கா.

நெல் சிலிக்காவை விரும்பி உறிஞ்சும் பயிர். தண்டிலும் இலையிலும் அது படிந்து இறுகுவதால் பயிர் எளிதில் சாயாது, குலை நோய்க்கும் தண்டு துளைப்பானுக்கும் ஓரளவு தாக்குப் பிடிக்கும். ஜப்பானில் இரும்பாலைக் கசடிலிருந்து கிடைக்கும் சிலிக்கேட்டை 1955-லேயே நெல்லுக்கான உரமாக அங்கீகரித்துவிட்டார்கள். ஆகவே "நெல்லு சாயாம நிக்கும்" என்பது வெறும் டீக்கடைப் பேச்சு இல்லை.

அதற்காக அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் கூடாது. ஏக்கருக்கு 2 டன் மகசூல் தரும் நெல், மண்ணிலிருந்து சுமார் 200 முதல் 400 கிலோ வரை சிலிக்காவை எடுக்கிறது. அந்த நெல்லின் உமி முழுதையும் எரித்துத் திருப்பிப் போட்டாலும் வருவது 70 கிலோ. மீதி எங்கே? வைக்கோலில். வைக்கோலை மாடு தின்று, சாணி குப்பைக்குழிக்குப் போய், குழியை வெட்டி வயலில் குப்பை அடித்த காலத்தில் அந்தச் சிலிக்கா சத்தமில்லாமல் வயலுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வைக்கோலைக் கட்டு கட்டி லாரியில் ஏற்றிவிட்டு உமிச் சாம்பலைத் தேடி அலைவது, என்னைக் கேட்டால், கொஞ்சம் தலைகீழ்க் கணக்கு.

சூட்டின் கதை இங்கேதான் வருகிறது. 500 முதல் 700 டிகிரி வரை எரிந்த உமியின் சிலிக்கா மெல்ல மெல்ல மண் நீரில் கரையும், பயிருக்கு உதவும். அதைவிடக் கடும் சூட்டில் அது படிகமாக இறுகிவிடும். பயிருக்கும் பயன் குறைவு, அதன் தூசியைத் தொடர்ந்து மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கும் ஆபத்து. இன்னொன்று, உமிச் சாம்பல் மண்ணின் புளிப்பைப் பெரிதாகக் குறைக்காது. அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் கொஞ்சம்.

உமிக்கரி வேறு சரக்கு. காற்றைக் குறைத்து மூட்டம் போட்டு எடுப்பது கரி. அதில் கரிமம் தங்கியிருக்கும், மண்ணில் ஈரம் பிடிக்கும். மில் பாய்லரின் கறுப்புச் சாம்பல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

2. விறகுச் சாம்பல். தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களிலும், செங்கல் காளவாசல்களிலும் கிடைப்பது. புளித்த மண்ணுக்கு உண்மையான மருந்து இதுதான். சுண்ணாம்புச் சத்தும் பொட்டாஷும் உள்ளது. தோராயமாக 2 டன் விறகுச் சாம்பல் 1 டன் சுண்ணாம்புத் தூளின் வேலையைச் செய்யும். மருந்தாக இருப்பதால் அளவு மீறினால் கெடுப்பதும் இதுதான். பழைய மரச் சாமான், பெயின்ட் அடித்த கதவு, டயர் எல்லாம் அந்த அடுப்பில் போனதா என்று விசாரிக்க வேண்டும். போயிருந்தால் அதை விறகுச் சாம்பல் என்று சொல்ல முடியாது.

3. கரும்புச் சக்கைச் சாம்பல். குணத்தில் உமிச் சாம்பலுக்குத் தம்பி. ஒரே எச்சரிக்கை: சர்க்கரை ஆலைகளில் மின்சாரமும் எடுக்கும் பாய்லர்கள் அரவை இல்லாத மாதங்களில் நிலக்கரி எரிப்பதுண்டு. அந்த மாதத்துச் சாம்பல் நான்காவது வகையில் சேரும்.

4. நிலக்கரிச் சாம்பல். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல்தான். நாடு முழுக்க ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் குவிகிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு புகையோடு பறந்து வடிகட்டியில் பிடிபடும் பறக்கும் சாம்பல், மற்றது பாய்லர் அடுப்பின் அடியில் விழும் அடிச்சாம்பல். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். மற்ற நிலையங்களில் எரியும் இந்திய நிலக்கரியின் சாம்பலில் அது குறைவு, சிலிக்காவும் அலுமினாவும்தான் அதிகம்.

செட்டிநாட்டுக்குள் பெரிய அனல் மின் நிலையம் கிடையாது. தூத்துக்குடி போன்ற தூரத்து ஊர்களிலிருந்துதான் இது வர வேண்டும். உலர்ந்த பறக்கும் சாம்பலுக்குச் சிமென்ட் ஆலைகள் வரிசையில் நிற்கின்றன. பி.பி.சி. என்ற சாம்பல் கலந்த சிமென்டில் 35 சதவீதம் வரை அதைக் கலக்க அனுமதி உண்டு. விலை போகும் சரக்கை யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள். வயலுக்கு 'இலவசம்' என்று வருவது பெரும்பாலும் ஆலையின் சாம்பல் குளத்தில் கரைத்துக் கொட்டி வைத்த சாம்பலாகவோ ஏதோ ஒரு பாய்லரின் கழிவாகவோ இருக்கும்.

ஜிப்சத்தை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். மின் நிலையப் புகையிலுள்ள கந்தகத்தைச் சுண்ணாம்புக் கரைசலால் கழுவும்போதும் ஜிப்சம் கிடைக்கிறது. அது சாம்பல் இல்லை, மண்ணின் பி.எச். எண்ணையும் ஏற்றாது. கடலைக்குப் பூ இறங்கும் நேரம் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பது நமக்குத் தெரிந்த பழக்கம்தான்.

20 டன் போட்டால் மண்ணில் என்ன நடக்கும்

நிலக்கரிச் சாம்பலை ஆதரிப்பவர்கள் சொல்லும் முக்கியமான நன்மை ஈரம். அதன் துகள் வண்டல் அளவுக்கு நுண்ணியது, மணற்பாங்கான மண்ணில் கலந்தால் தண்ணீர் கூடுதலாகத் தங்கும். உண்மைதான். ஆனால் அதற்கு டன் கணக்கில் போட வேண்டும். கணக்கைப் பாருங்கள்.

ஒரு ஏக்கரில் உழவு ஆழமான 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 850 டன். 20 டன் சாம்பலைப் பரப்பினால் அரை செ.மீ. கனம் வரும், உழுது கலந்தால் மண்ணில் 2.4 சதவீதம். இந்த அளவில் ஈரப்பிடிப்பு கொஞ்சம்தான் மாறும். இன்னும் கூட்டிக்கொண்டே போனால் மண்ணின் அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும் இடத்தில் நிலைமை மாறி, தண்ணீர் கீழே இறங்குவதே தடைபடலாம்.

ஏன் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். சுண்ணாம்பை அரைத்துப் பூசிய நம் பழைய வீட்டுச் சுவர் எப்படி இறுகி நிற்கிறது? சுண்ணாம்போடு சேர்ந்தால் பறக்கும் சாம்பலும் ஈரம் பட்டு இறுகும் சரக்குதான், சிமென்ட்காரர்கள் அதை வாங்குவதே இதற்காக. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அதிகமாகக் கொட்டினால், நாம் வயலுக்கு மெலிதாகப் பூச்சு வேலை பார்த்ததாக ஆகிவிடும்.

அடுத்தது உலோகங்கள். ஆர்சனிக், செலினியம், குரோமியம், ஈயம் போன்றவை நிலக்கரியில் இருந்ததைவிடச் சாம்பலில் செறிவாக இருக்கும். எடுத்துக்காட்டுக்கு, ஒரு கிலோ சாம்பலில் 10 மில்லிகிராம் ஆர்சனிக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 டன்னில் 200 கிராம். அது 850 டன் மண்ணில் கலந்தால் கிலோவுக்குக் கால் மில்லிகிராம் கூடும். ஒரு தடவைக்கு இது பெரிய ஆபத்தில்லை. "விஷம், மண்ணு செத்துப் போகும்" என்பது இங்கே மிகை. ஆனால் தழைச்சத்து மாதிரி ஆர்சனிக் ஒரு பருவத்தில் தீர்ந்து போகாது. ஆண்டுதோறும் 'இலவசமாச்சே' என்று கொட்டினால் பத்தாம் ஆண்டில் இரண்டரை மில்லிகிராம் ஏறியிருக்கும், அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. தண்ணீர் கட்டி நிறுத்தும் நெல் வயலில் ஆர்சனிக் கூடுதலாகக் கரைந்து பயிருக்குப் போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கார மண்ணில் செலினியமும் மாலிப்டினமும் எளிதில் பயிருக்குள் ஏறும். மாலிப்டினம் மிகுந்த தீவனத்தைத் தொடர்ந்து தின்னும் மாட்டின் உடலில் தாமிரச் சத்து குறைந்து, கழிச்சலும் மெலிவும் வரும். ஆகவே தீவனச் சோளம் போடும் வயலுக்கு இது வேண்டாம்.

கதிர்வீச்சு பற்றியும் கேட்கிறார்கள். நிலக்கரியில் இருக்கும் துளி யுரேனியமும் தோரியமும் சாம்பலில் தங்கும், ஆனால் வயலுக்குப் போடும் அளவில் முதலில் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றி இல்லை.

முதல் பருவத்திலேயே கண்ணில் தெரியும் கோளாறு போரான். பயிருக்கு அது துளி வேண்டும், அந்தத் துளிக்குக் கொஞ்சம் மேலே போனாலே நஞ்சு. புதுச் சாம்பலிலிருந்து முதலில் கரைந்து வருவதும் அதுதான். தட்டைப்பயறு, பச்சைப்பயறு, நிலக்கடலை மூன்றுமே மிகை போரானைத் தாங்காத பயிர்கள். நம் மானாவாரிக் கொல்லையில் வேறென்ன போடுகிறோம்? இலை ஓரம் தீய்ந்தது போல் காய்ந்து வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். இரண்டு மூன்று மழைக்காலம் வெளியில் கிடந்து கழுவப்பட்ட சாம்பலில் உப்பும் போரானும் குறைந்திருக்கும்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஈரம் பிடிப்பதற்காக மட்டும் நிலக்கரிச் சாம்பலைத் தூத்துக்குடியிலிருந்து ஏற்றி வருவது வீண் செலவு. அதே வேலையைக் கண்மாய் (ஏரி) வண்டலும், அதன் அடியில் படியும் களிமண்ணான கரம்பையும் செய்யும். முறைப்படி அனுமதி வாங்கினால் அந்த மண் நம் ஊருக்குள்ளேயே கிடைக்கிறது, கண்மாயும் ஆழமாகும்.

ஊருணிக்கு என்ன ஆகும்

இந்தப் பகுதியில் யாரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். இங்கே மழைநீர் வழிந்தோடிச் சேரும் இடம் கண்மாயும், குடிநீர்க் குளமான ஊருணியும். மேட்டு வயலில் எது கிடந்தாலும் வரத்துக்கால் வழியே கீழே வந்து சேரும். புழுதி விதைப்புக்கு நிலம் தயாராகும் ஆடி, ஆவணியில் காற்று கடுமை. அப்போது பரப்பிய சாம்பலில் ஒரு பங்கு காற்றில் போகும். ஐப்பசியில் பிடிக்கும் முதல் கனமழை, உழுது கலக்காமல் மேலே கிடந்ததை அடித்துக்கொண்டு போகும்.

உமிச் சாம்பல் போய்ச் சேர்ந்தால் தண்ணீர் கலங்கும், தூர் ஏறும். நிலக்கரிச் சாம்பல் போய்ச் சேர்ந்தால் ஊரே குடிக்கும் தண்ணீரில் போரானும் ஆர்சனிக்கும் போவதற்கு வழி திறந்துவிடுகிறோம். ஆகவே ஊருணியின் வரத்துப் பகுதிக்குள் நிலக்கரிச் சாம்பல் வரவே கூடாது. பரிசோதனைச் சீட்டு சரியாக இருந்தாலும் கூடாது.

சட்டம் சொல்வது

நிலக்கரிச் சாம்பலுக்கான மத்திய அரசின் முதல் அறிவிக்கை 1999 செப்டம்பரில் வந்தது. இப்போதைய விதிகள் 2021 டிசம்பர் 31-ஆம் தேதி வெளியானவை. அனல் மின் நிலையங்கள் தங்கள் சாம்பல் முழுவதையும் பயனுக்கு அனுப்பியாக வேண்டும், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. விவசாயமும் அனுமதிக்கப்பட்ட பயன்தான், ஆனால் மண் பரிசோதனையின் அடிப்படையில், கட்டுப்பாட்டோடு. இலவசத்தின் பின்னால் இருக்கும் அவசரம் இப்போது புரியும். சாம்பலை வெளியேற்றுவது அவர்கள் தேவை. நமக்குத் தேவையா என்பது தனிக் கேள்வி.

முறையாகச் செய்தால் ஆலைச் சாம்பலும் உரமாக முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. கரும்புப் பாகுக் கழிவிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைகளில் கழிவு நீரைச் சுண்டவைத்துப் பாய்லரில் எரிப்பார்கள். அந்தச் சாம்பலில் பொட்டாஷ் அதிகம். அதைத் தரப்படுத்தி, 14.5 சதவீதப் பொட்டாஷ் என்று அளவு குறித்து, 2021-இல் மத்திய அரசின் உர மானியத் திட்டத்திலேயே சேர்த்தார்கள். மூட்டையில் சத்தின் அளவு அச்சாகியிருக்கும். டிப்பரில் வரும் சாம்பலுக்கு அப்படி எதுவும் கிடையாது.

லோடு இறங்கும் முன்

1. முதலில் நம் மண்ணைப் பார்க்க வேண்டும். மண் பரிசோதனை நிலையத்திலோ குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்து, பி.எச். எண்ணும் உப்பின் அளவும் தெரிந்துகொள்ளலாம். 6.5-க்கு மேல் இருந்தால் விறகுச் சாம்பல் தேவையில்லை.

2. எந்த எரிபொருள், எந்த மாதத்துச் சாம்பல் என்று கேட்க வேண்டும். பதில் "எல்லாம் கலந்துதான்" என்றால் லாரியைத் திருப்பி அனுப்பலாம். நிலக்கரி கலந்தது என்றால் உலோகப் பரிசோதனைச் சீட்டு வேண்டும். வழக்கமான மண் பரிசோதனையில் ஆர்சனிக், ஈயம் எல்லாம் வராது. அதற்குத் தனி ஆய்வகம் வேண்டும், அந்தச் செலவைச் சாம்பல் தருபவர்தான் ஏற்க வேண்டும்.

3. உமிச் சாம்பல் என்றால் ஏக்கருக்கு அரை டன்னிலிருந்து ஒரு டன்னுக்குள் நிறுத்திக்கொள்ளலாம், தொழு உரத்தோடு சேர்த்து அடியுரமாக. விறகுச் சாம்பல் என்றால் மண் பரிசோதனை சொல்லும் சுண்ணாம்பு அளவைப் போல் இரு மடங்கு, அதற்கு மேல் வேண்டாம்.

4. யூரியாவோடும் அம்மோனியம் சல்பேட்டோடும் சாம்பலைக் கலக்கவே கூடாது. சாம்பலின் காரம் பட்டுத் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மூக்கைத் துளைக்கும் அந்த நெடி நம் காசுதான். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

5. தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே இறைக்க வேண்டும், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு. இறைத்த அன்றே உழுதுவிட வேண்டும். குவியலை வரத்துக்கால் ஓரத்தில் போடக் கூடாது.

6. முழு வயலுக்கும் முன் 5 சென்ட். அதற்கும் முன் நாலு தொட்டி: ஒன்றில் வெறும் வயல் மண், மற்ற மூன்றில் நூறு பங்கு மண்ணுக்கு 1, 3, 10 பங்கு சாம்பல். நாலிலும் தட்டைப்பயறு ஊன்றி மூன்று வாரம் தண்ணீர் விட்டு, இலை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். 3 பங்குத் தொட்டியிலேயே ஓரம் கருகினால், லாரிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.